நீ எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம்

பீரோவைக் காலி செய்யும்போது அந்தக் கார்பன் காப்பி கையில் சிக்கியது. நீ எனக்காக டைப் அடித்த மன்னிப்புக் கடிதம். நாலே வரி, அதில் ‘டோ த லைன்’ என்று ஒன்று. படித்ததும் உன் மேல் பழைய எரிச்சல் அப்படியே கிளம்பிவிட்டது மச்சான். செத்துப்போன ஆளிடம் எரிந்து விழுவது சரியில்லைதான். நான் என்ன செய்ய?

பஸ் கம்பெனியின் சிதம்பரம் கிளை ஆபீசில் நாம் இரண்டு பேரும் எதிரெதிர் மேஜை. உனக்கு எங்கிருந்தோ இங்கிலீஷ் மரபுத்தொடர்ப் பைத்தியம் பிடித்தது. அதிலும் குதிகால், கால்விரல் வருவதாகத் தேடித் தேடி நோட்டில் எழுதுவாய். செக்கிங் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ‘ஆன் அவர் டோஸ்’, விரல் நுனியில் உஷாராக நிற்கிறோமாம். ஸ்டோர்கீப்பர் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கினால் ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’, தலைகுப்புறக் காதலில் விழுந்துவிட்டானாம். குமராட்சிக்காரர் ஒருவர், “பஸ்ஸு வருமா வராதா சார், அதச் சொல்லுங்க” என்று கவுன்ட்டரில் கெஞ்சுகிறார். நீ அவருக்கு ‘கூலிங் யுவர் ஹீல்ஸ்’ விளக்கிக்கொண்டிருக்கிறாய். “காத்துக் கெடக்கறத வெள்ளக்காரன் எப்படிச் சொல்றான் பாருங்க, குதிகால ஆறப்போடறானாம்.” அவர் பாவமாக என்னைப் பார்த்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த ஐப்பசியில் நாம் நம் கம்பெனி பஸ்ஸிலேயே குமராட்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ரோட்டின் மேல் வெள்ளம் ஓடுவதைப் பார்த்துக் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டார். நிறுத்தியதால்தான் பிழைத்தோம். டிரிப்பைப் பாதியில் முறித்தார் என்று முதலாளி அவரை வேலையைவிட்டு நீக்கினார். அவர் செய்தது சரி என்று நாம் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மறுவாரமே கடலூர் ஹெட் ஆபீசிலிருந்து நமக்கும் ஓலை வந்தது. கையெழுத்துப் போட்டது தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

கடலூரில் முதலாளி அறைக்கு வெளியே பெஞ்சில் மத்தியானம்வரை உட்கார வைத்தார்கள். தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். நீ எழுந்துபோய் அங்கிருந்த டைப்ரைட்டரில் எனக்காக அடித்துக்கொண்டு வந்தாய். ‘டோ த லைன்’ என்றால் என்ன என்று கேட்டேன்.

“கோட்டுல கால்வெரல வச்சி நிக்கறது மச்சான். அவுங்க கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டேன்னு அர்த்தம். போடு கையெழுத்த.”

போட்டேன்.

உன்னுடையதை நீ கையால் எழுதினாய், தமிழில், ஒரே வரி: ‘கண்டக்டர் வண்டியை நிறுத்தியது சரி, நான் அந்த வண்டியில் இருந்தேன்.’ அதில் குதிகாலும் இல்லை, விரலும் இல்லை. அற்ப விஷயத்துக்கெல்லாம் இங்கிலீஷ் பேசி என் உயிரை எடுத்தவன், வேலை போகிற நேரத்தில் இப்படி எழுதிக் கொடுத்தாய். சாயங்காலமே உன்னை அனுப்பிவிட்டார்கள். அப்புறம் காடாம்புலியூரில் முந்திரி மூட்டைக்கு நம்பர் போட்டுக் காலம் தள்ளினாய். நான் அதே மேஜையில் இருந்து ரிட்டயர் ஆனேன்.

“நீயும் எழுதாதடா” என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை. இவன் நிற்க மாட்டான் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நீ சொல்லியிருந்தாலும் நான் எழுதித்தான் கொடுத்திருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் கடைசிவரை என்னை மச்சான் என்றே கூப்பிட்டாய்.