நாலாம் குரல்

அக்டோபர் 6, திங்கள்

நாடக வகுப்பு ஷஹீரா மிஸ்ஸின் புது உத்தரவு. நாடகம் முடியும்வரை எல்லோரும் டைரி எழுதணும், அதுவும் தாய்மொழியில். நான் தமிழ் கடைசியாக எழுதியது எட்டாம் கிளாஸ் பரீட்சையில். போகட்டும், எழுதித் தொலைக்கிறேன்.

இந்த நாடகத்துக்கு வசனப் புத்தகமே கிடையாது. இங்கே கல்ஃபுக்கு வேலைக்கு வந்து இறந்துபோன ஒன்பது பேர் வீட்டுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட்டுகளை அவரவர் குடும்பத்திடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார் மிஸ். எங்களுக்குக் காதில் இயர்போன். அதில் குரல் ஓடும், அரை நொடி பின்னால் நாங்கள் அப்படியே சொல்லணும். இருமல், மூச்சு, எச்சில் விழுங்குவது உட்பட. ஒரு எழுத்து கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.

வகுப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நாலாம் குரல் எனக்கு. பதினோரு நிமிஷம். ஆளின் பெயர் தெரியாது. பெயர்கள் வரும் இடத்தில் எல்லாம் மிஸ் 'பீப்' வைத்து மறைத்துவிட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

இந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போச்சு. எதைச் சொன்னாலும் முதலில் ரெண்டு இருமல், அப்புறம் ஒரு குட்டிச் சிரிப்பு. "ஏ பீப், சாப்புட்டியா? நான் சாப்புட்டேன். குப்பூஸ் ரொட்டியும் பருப்பும். பருப்பு நல்லால்ல. நீ வெச்சா எப்புடி இருக்கும்!" பெண்டாட்டிக்குத்தான் எல்லாமே. குழந்தைக்கு டான்ஸ் டிரெஸ் வாங்கினது, ரூமில் மேல் கட்டில்காரன் குறட்டை விடுவது. கடைசி நோட்டு நாலு வார்த்தை: "பஸ்ஸு வந்துருச்சு. அப்பறம் பேசறேன்." அதோடு ஃபைல் முடிகிறது.

பேசவே இல்லை அப்புறம்.

அம்மா சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்: "எதுக்குடி இருமற? ஏசி ஒத்துக்கலையா?" நான் இருமினதே எனக்குத் தெரியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கணும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

ஒத்திகையில் நான் பேசி முடித்துக் கண்ணைத் திறந்தேன். ஒருத்தரும் கைதட்டவில்லை. அஃபீஃபா — என் பக்கத்தில் நிற்பவள், ஐந்தாம் குரல் அவளுடையது — என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் போன் எப்பவோ செத்துப்போச்சுடி," என்றாள். பார்த்தேன். சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்கிறது. ஆறாவது நிமிஷத்தில் அணைந்திருக்கிறது. அதற்குப் பிறகும் நான் பேசியிருக்கிறேன்.

மனப்பாடம் ஆகியிருக்கும் என்று சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே புரியும். எல்லா ஒத்திகையையும் பதிவு செய்வார். போட்டுக் காட்டினார்.

பஸ் வந்துருச்சு என்பது வரை ஃபைலில் உள்ளதுதான். அதற்கு மேல் என் குரலில்:

"பஸ்ஸுக்குப் போவல மாரி. தலை சுத்துது. தண்ணி டேங்குக்குப் பின்னால குந்தியிருக்கேன். பேரு கூப்புடுறது கேக்குது. என் பேரையும் கூப்புட்டாச்சு. யாரோ 'இருக்கேன்'னு சொல்றான் மாரி. என் கொரலு மாதிரியே இருக்குது."

ரெண்டு இருமல். குட்டிச் சிரிப்பு.

"இப்படி ஒரு நோட்டே இல்லை," என்றார் மிஸ். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாரின்னு யார் சொன்னா உனக்கு?" என்றார். நான் எங்கே கண்டேன்? எனக்குக் கேட்பது பீப் மட்டும்தானே.

நாலாம் குரல்காரரின் பெண்டாட்டி பெயர் மாரியம்மாள். அது மிஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியுமாம்.

பயமாயிருக்கு. சும்மா இல்ல, நெஜமாவே பயமாயிருக்கு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் தின்றேன். டைரியைத் தொட மனசு இல்லை.

அக்டோபர் 22, புதன்

மிஸ் சொன்னார், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம் என்று. விலகினால் நாலாம் குரலே நாடகத்தில் இருக்காது. அதற்கு எனக்கு மனசு வரவில்லை. இருக்கேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்த வார்த்தையே வாயில் கசந்தது.

வீட்டில் அப்பா டியூட்டியிலிருந்து வருவதற்குள் ஹாலில் நின்று ஒருமுறை பேசிப் பார்த்தேன். இந்தத் தடவை போனில் முழு சார்ஜ். ஃபைல் முடிந்தது, நான் முடியவில்லை. தண்ணி டேங்கு வரை போய்விட்டேன். வாயை மூட முடியவில்லை, அதுதான் உண்மை.

திரும்பினால் வாசலில் அப்பா. ஷூவைக்கூட கழற்றவில்லை. முகமெல்லாம் வேர்வை. "பழனிச்சாமி?" என்றார்.

நான் சம்யுக்தா, அப்பா, என்றேன். அவர் நேரே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

அப்பா ஐந்து நாளாக என்னிடம் பேசுவது ஒரே விஷயம். நாடகத்தை விடு. ஏன் என்று கேட்டால், "லேபர் வேஷம் போடவா உன்னைப் படிக்க வைக்கிறேன்?" என்கிறார். என் அப்பா அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. கட்டடம் கட்டும் கம்பெனியில் அவர் சேஃப்டி ஆபீசர். சைட்டில் ஆட்களோடு ஆட்களாக மோர் குடிப்பவர். சாயங்காலம் பஸ்ஸில் நின்று பெயர் கூப்பிட்டு டிக் அடிப்பதும் அவர் வேலைதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுபோச்சு.

பெயர் கூப்பிடுவது.

நவம்பர் 1, சனி

சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு வந்தோம். அம்மா பைகளோடு மேலே போய்விட்டாள். அப்பா காரை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. "தண்ணி டேங்கு உங்க சைட்லயாப்பா?" என்று கேட்டேன்.

ஸ்டீரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். போன வருஷம் ஆகஸ்ட். ஆட்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்புக்குத் திரும்புகிற பஸ். நாற்பத்திரண்டு பேர். ஒருத்தன் கைகால் கழுவப் போயிருந்தால் பக்கத்து சீட்டுக்காரன் அவனுக்கும் சேர்த்து 'இருக்கேன்' என்று குரல் கொடுத்துவிடுவான். அதற்குள் அவன் ஓடி வந்து ஏறிவிடுவான். இல்லாவிட்டால் பஸ் நிற்கும், கேம்ப்பில் சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் கடைசி ஆகிவிடுவார்கள். அப்பாவுக்கும் இது தெரியும். தெரிந்தும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. குரல் வந்தால் டிக்.

அன்றைக்கும் நாற்பத்திரண்டு டிக். பஸ் போய்விட்டது. ரூமில் இருந்தவர்கள், பழனிச்சாமி ஊர்க்காரன் ரூமுக்குச் சாப்பிடப் போயிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணி டியூட்டிக்கு வந்தவர்கள்தான் டேங்குக்குப் பின்னால் அவர் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

"லிஸ்ட்டில் அவர் கேம்ப்புக்கு வந்துட்டார் சம்யு. அதனால ரூம்ல தூக்கத்துல போயிட்டார்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்."

"குரல் கொடுத்தது யாருப்பா?"

"எல்லாரையும் கேட்டேன். நான் இல்ல, நான் இல்லங்கறாங்க. பயம்." சாவியை உருவிக்கொண்டே, "எனக்கு அவர் குரல் நல்லாத் தெரியும். அது அவர் குரல்தான்," என்றார்.

மாரியம்மாளுக்கு உண்மையைச் சொல்லுங்க என்றேன். வேலை போகும், விசா போகும், உன் படிப்பும் போகும் என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. என் படிப்பை எதுக்குப்பா இதுல இழுக்கறீங்க? தலையைத் தூக்கிப் பாக்காதது நானா? கத்திட்டேன். பார்க்கிங்கில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நவம்பர் 5, புதன்

இருமல் நிற்கவே இல்லை. அம்மா கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள். அப்பா நாடகத்துக்கு வரமாட்டாராம்.

நவம்பர் 7, வெள்ளி

வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன். மேக்கப் கூட கலைக்கவில்லை.

நாடகத்தின் முதல் காட்சியே பெயர் கூப்பிடுவதுதான். இது மிஸ் ஆரம்பத்திலேயே யோசித்து வைத்தது, என் கதை தெரிந்து வைத்ததில்லை. ஒன்பது பேரும் வரிசையாக நிற்போம். மிஸ் ஒரு அட்டையில் லிஸ்ட் வைத்துக்கொண்டு எண்ணைக் கூப்பிடுவார். நாங்கள் இருக்கேன் என்போம், அவரவர் மொழியில். இந்தக் காட்சிக்கு இயர்போனில் எதுவும் ஓடாது.

"ஒன்று." "ரெண்டு." "மூணு." பதில் வந்துகொண்டே இருந்தது.

"நாலு."

உதட்டைப் பிரிக்கப் போனேன்.

"இருக்கேன்."

ரெண்டு இருமல். குட்டிச் சிரிப்பு. ஆம்பளைக் குரல். என் தோளுக்குப் பக்கத்திலிருந்து. நான் வாயே திறக்கலை, சத்தியமா திறக்கலை. அஃபீஃபா என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். மிஸ் பேனாவை எடுத்துவிட்டார், டிக் அடிக்க.

அப்போது ஐந்தாவது வரிசையில் ஒருத்தர் எழுந்து நின்றார். வரமாட்டேன் என்ற என் அப்பா. ஆபீஸ் சட்டையோடே வந்திருக்கிறார்.

"இல்ல," என்றார். "அவர் பஸ்ல இல்ல. பஸ்ஸை நிறுத்துங்க."

சபையில் இருந்தவர்கள் இதுவும் நாடகம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா இன்னொருமுறை சொன்னார்: "நான் பாக்கல. தலையைத் தூக்கிப் பாக்கல. அவர் அங்கதான் உக்காந்திருக்கார்."

மிஸ் டிக் அடிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார்.

என் முறை வந்தபோது பதினோரு நிமிஷம் பேசினேன். பஸ்ஸு வந்துருச்சு, அப்பறம் பேசறேன். ஃபைல் அங்கேயே நின்றது. என் வாயும் அங்கேயே நின்றது.

நவம்பர் 8, சனி

மிஸ் வீடியோ அனுப்பினார். குரல் கேட்கிறது. என் வாய் மூடியிருக்கிறது. அழித்துவிடுங்கள் என்று சொன்னேன், அழித்துவிட்டாராம்.

இருமல் இல்லை இன்றைக்கு.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பா நடந்ததை எல்லாம் ஆபீசுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமையிலிருந்து டியூட்டிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ரெண்டு நாள் அழுதாள், அப்புறம் ஊருக்குப் போக அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். என் படிப்பு இந்த வருஷத்துக்கு மேல் என்ன ஆகும் என்று தெரியாது. கோபம் வரவில்லை. வரும் என்று நினைத்தேன்.

மத்தியானம் மிஸ்ஸிடம் நம்பர் வாங்கி மாரியம்மாளுக்குப் போன் போட்டோம். அப்பா என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். டேங்கு, லிஸ்ட், கையெழுத்து. நடுவில் ரெண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். கட் பண்ணிட்டாங்களோ என்று நான் போனைப் பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ரூம்ல படுத்து செத்தாருன்னு சொன்னீங்களே," என்றார் அந்த அம்மா. "படுத்தாரேன்னு ஒரு நெனப்புல இருந்தேன் சார். வெயில்லயா கெடந்தாரு?"

அப்பா ஆமாம்மா என்றார்.

அப்புறம் அந்த அம்மா, "ஒங்க பொண்ணு எங்க ஊட்டுக்காரரு மாதிரியே பேசுமாமே. டீச்சரம்மா சொன்னாங்க. ஒரே ஒருதரம் பேசச் சொல்லுங்க," என்றார்.

போனை வாங்கிக்கொண்டேன். ஒன்றரை மாசம் தூக்கத்தில்கூடப் பேசினது. "ஏ மாரி, சாப்புட்டியா?" என்றேன். என் குரல்தான் வந்தது. பட்டணத்துப் பொண்ணு குரல். இருமிப் பார்த்தேன், அதுவும் என் இருமல்தான். மறுபடி மறுபடி முயற்சி பண்ணினேன். வரவே இல்லை. "மன்னிச்சிருங்கம்மா, வரமாட்டேங்குது," என்று அழுதுவிட்டேன்.

"அழுவாத கண்ணு," என்றார் அவர். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அவருக்குப் பஸ்ஸு வந்திருச்சு போலருக்குது."

அப்பா என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார்.