இரண்டாவது சூடு

புத்தூர்
12.3.1992

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் எனக்குக் கவலை. தை மாதம் போட்ட கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. கொழும்புக்கு வரச் சொல்கிறீர்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் ஓர் உதவி வேண்டும்.

பொருளாதாரத் தடையால், தண்ணீர் இறைக்கும் மிசின்களுக்கு இங்கே ஒரு சாமானும் வருவதில்லை. ஏரம்பு அண்ணை தன் பட்டறையில் பழைய பிஸ்டன்களையும் அலுமினியச் சட்டிகளையும் சேர்த்து உருக்கிப் புதுப் பிஸ்டன் வார்க்கிறார். பார்வைக்கு நல்லாயிருக்கும். பத்து நாளில் தேய்ந்துவிடும். எங்கள் வேலிக்கு அங்கால் நல்லம்மா அக்கா, புருசன் செத்த பிறகு அந்த வெங்காயத் தோட்டத்தை நம்பித்தான் இருக்கிறா. இரண்டு பிஸ்டன் மாற்றியாயிற்று. “டீச்சர், நீங்கள் படிச்சனீங்கள். ஒரு வழி சொல்லுங்கோ” என்று வந்து நிற்கிறா. நான் விஞ்ஞானம்தான் படிப்பிக்கிறேன், உலோகம் வார்த்ததில்லை.

நீங்கள் ஆறு வருடம் தொழிற்சாலையில் பிஸ்டன் வார்த்தவர். இரும்பைப் போலச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் இறுகும் என்கிறார் ஏரம்பு அண்ணை. சரியா? உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்பு
மீனா

வெள்ளவத்தை
9.4.1992

அன்பின் மீனாவுக்கு,

உம்முடைய கடிதத்தில் எனக்கு இரண்டு வரி, பிஸ்டனுக்கு ஒரு பக்கம். பரவாயில்லை.

சட்டி பானையைச் சேர்க்க வேண்டாம் என்று ஏரம்புவிடம் சொல்லும். அது மென்மையான உலோகம். பழைய பிஸ்டன்களை மட்டும் உருக்கி வார்க்கவேண்டும். வார்த்ததன்மேல் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால் கோடு போட்டுச் சூடாக்கும். கோடு கறுத்த பிறகும் சூட்டைக் கொஞ்சம் கூட்டி, நாலு மணித்தியாலம் வைத்து, கொதிதண்ணீரில் போடும். அதோடு வேலை முடிந்தது. அதற்கும் இறுகாவிட்டால் அந்தப் பழைய உலோகம் இனி ஒன்றுக்கும் உதவாது. தலையை உடைக்க வேண்டாம்.

கனடாவிலிருந்து அண்ணன் விசாவுக்கான கடதாசிகள் அனுப்பிவிட்டார். ஓகஸ்ட் 20ஆம் திகதி நேர்முகம். இரண்டு பேரும் போகவேண்டும். ஆடி முடிய முன் வந்துவிடும். மூன்று மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று வந்தவன், ஒன்றரை வருடமாக இந்த அறையில் கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் எழும்பிக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உம்முடைய
சீவரத்தினம்

புத்தூர்
24.5.1992

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தோம். கடினத்தை அளக்க நானே ஒரு முறை வைத்திருக்கிறேன். பிஸ்டன்மேல் ஒரு பேரிங் குண்டை வைத்து, ஒரே உயரத்திலிருந்து ஒரே இரும்புக் கட்டியை விழவிடுவேன். பள்ளம் அகலமானால் மென்மை, சிறிதானால் கடினம். தண்ணீரில் இருந்து எடுத்ததற்கு நாலரை மில்லிமீற்றர் பள்ளம். சூடே காட்டாத பிஸ்டனுக்கும் அவ்வளவுதான்.

என்றாலும் நீங்கள் சொன்னது என்று நம்பி, நல்லம்மா அக்காவுக்குக் கொடுத்தேன். “இது நிக்கும்” என்று என் வாயால் சொன்னேன். எட்டாம் நாள் பிஸ்டன் நகராமல் சிக்கிப் பிடித்து, உள்ளே தண்டு உடைந்து, மிசினின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. இனி அந்த மிசின் இல்லை. அவ பாதித் தோட்டத்தைக் காயவிட்டு, மற்றப் பாதிக்கு வாளியால் அள்ளி ஊற்றுகிறா. எனக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்கவும் முடியவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் பெட்டிகூட அடுக்கினேன், உங்களிடம் வருவதற்கு.

அடுக்கும்போது மேசையில் அதே வார்ப்பில் மிஞ்சிய பிஸ்டன் கிடந்தது. சும்மா ஒரு குண்டை வைத்துத் தட்டினேன். பள்ளம் நாலு மில்லிமீற்றர்தான். நம்பாமல் இன்னும் மூன்று இடத்தில் தட்டினேன். அதே நாலு. பத்து நாள் சும்மா கிடந்தே இறுகியிருக்கிறது. இரும்பு இப்படிச் செய்யாது. தண்ணீருக்குப் பிறகு இன்னொரு வேலை இருக்கிறதா? இந்தக் கடிதம் கொண்டு வருகிற அற்புதராணி டீச்சர் பத்து நாளில் திரும்புகிறா. அவவிடம் பதில் கொடுத்துவிடுங்கள்.

மீனா

வெள்ளவத்தை
4.6.1992

அன்பின் மீனாவுக்கு,

அற்புதராணி டீச்சர் வாசலில் நிற்கிறா. நீர் அளந்ததில் பிழை இருக்கும். கை ஒரு நாளைப் போல மற்ற நாள் இராது. அந்தக் கதையை விடும். நேர்முகத்துக்கு இன்னும் பதினொரு கிழமைதான். பெட்டி அடுக்கினேன் என்று எழுதிய வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அடுக்கியது அடுக்கியபடி இருக்கட்டும். வாரும்.

சீவரத்தினம்

புத்தூர்
15.7.1992

அத்தானுக்கு,

சும்மா கிடந்தே இறுகுகிறதென்றால், மிதமான சூட்டில் இன்னும் கெதியாக இறுகும் என்று எனக்குப் பட்டது. சந்தியில் பேக்கரி வைத்திருக்கும் தேவராசா அண்ணையிடம் போனேன். பாண் சுட்டு எடுத்த பிறகு போறணை அடுப்பில் சூடு இருக்குமே, கொதிதண்ணீரில் போட்டெடுத்த பிஸ்டனை அதற்குள் வைக்கக் கேட்டேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார். பக்கத்தில் ஒரு மூடியில் கொஞ்சம் சீனி வைத்தேன். சீனி உருகினால் சூடு மிஞ்சிவிட்டதென்று கணக்கு. முதல் முறை உருகிவிட்டது. அந்தப் பிஸ்டன் மென்மையாகவே போயிற்று. இரண்டாம் முறை உருகவில்லை. ஆறு மணித்தியாலம். பள்ளம் மூன்றே கால். ஏரம்பு அண்ணை நம்பாமல் தானே மூன்று தரம் தட்டிப் பார்த்தார்.

இன்றைக்கு இருபத்தாறு நாள். ஐந்து மிசினில் போட்டோம். ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொழிற்சாலையில் வார்ப்பு நாட்களில் நீங்கள் பொழுதுபட்டுத்தான் வருவீர்கள். “போறணையில கிடக்கு, இறக்கிப்போட்டு வாறன்” என்று ஆள் அனுப்புவீர்கள். கிழமைக்கு இரண்டு தரம், ஆறு வருடம். மறந்துவிட்டீர்களா, மறைத்தீர்களா? ஒரு சொல் எழுதினால் போதும்.

மீனாம்பிகை

வெள்ளவத்தை
5.8.1992

மீனா,

மறைத்தேன்.

உம்முடைய முதல் கடிதம் வந்தபோது முழுவதையும் எழுதினேன். போறணை, சூடு, எத்தனை மணித்தியாலம், எல்லாம். ஒட்ட முன் திரும்ப வாசித்தேன். இது சரிவந்தால் நீர் வரமாட்டீர் என்று தெரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். சரிவராமல் அலுத்துப் புறப்படுவீர் என்று நினைத்தேன். ஒருவருடைய மிசின் போகும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

நான் கெட்டவன் இல்லை மீனா. தனியே இருந்து என் புத்தி இப்படிப் போய்விட்டது. நூற்று எழுபது பாகை, ஆறு மணித்தியாலம். நீர் கண்டுபிடித்ததுதான் சரி. அதற்கு மேல் விட்டால் திரும்ப மென்மையாகும்.

இருபதாம் திகதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. வந்து முகத்துக்கு நேரே பேசும்.

சீவரத்தினம்

புத்தூர்
2.9.1992

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் ஓகஸ்ட் 27ஆம் திகதி கிடைத்தது. நேர்முகம் முடிந்துவிட்டது. முன்னமே கிடைத்திருந்தாலும் வந்திருக்கமாட்டேன். நாள் பிந்தியதால் வரவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நல்லம்மா அக்காவிடம் போய், என் மனுசன் தெரிந்துகொண்டே பாதியை மறைத்தார் என்று சொன்னேன். கையிலிருந்த வெங்காயத்தை ஆய்ந்து முடித்தா. பிறகு, “அவருக்கு உங்களைக் கூப்பிட வேற வழி தெரியேல்லைப் போல” என்றா. உங்களுக்காகப் பரிந்து பேசியது அவ. என்னால் முடியவில்லை.

என்னிடம் பொய் சொன்னதை ஒரு காலம் மறந்துவிடுவேன். உங்கள் சொல்லை நான் இன்னொருத்தியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று தெரிந்தும் எழுதினீர்களே, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கனடாவுக்குத் தனியே போக முடியுமானால் போங்கள். தடிமன் பிடித்தால் உங்களுக்கு நெஞ்சு இழுக்கும், அங்கே குளிர் கூட. கவனம். போய்ச் சேர்ந்ததை எழுதினால் வாசிப்பேன். வரச் சொல்லி மட்டும் எழுத வேண்டாம்.

ஏரம்பு அண்ணையுடன் சேர்ந்து நல்லம்மா அக்காவுக்கு ஒரு பழைய மிசினைப் பிரித்துப் பூட்டுகிறேன். நாளைக்கு அதை ஓட்டிப் பார்க்கவேண்டும்.

மீனாம்பிகை