உன் அம்மாவுக்கும் அதே சுருள்

பெம்பான், மலாக்கா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிர்மலாவுக்கு அப்பா எழுதுவது,

உன் தலைமுடி உன் அம்மாவிடமிருந்து வந்ததுதான். போன வெள்ளிக்கிழமை நம் கடையின் பின்பக்கத்தில் அவள் தலையை நனைத்துப் பார்த்தோம், தெரிந்துபோய்விட்டது. செய்தியை முதலில் சொல்லிவிட்டேன், இனி நலம் விசாரிக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் கைகால் சுகத்தோடு நடமாடுகிறோம், எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மாவுக்கு முட்டிவலி மழை பெய்தால் மட்டும் தலைகாட்டுகிறது. அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சுரேன் தம்பியும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா சாமி விளக்கு முன்னால் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். முடி என்று வாயெடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கோபத்தில் தூக்கிப் போட்டாலும் மறுநாள் எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்து முடியை ரிபாண்டிங் செய்து நேராக்கிக்கொள், இல்லாவிட்டால் அலங்காரம் செய்கிற திலகவதி நம் கல்யாணத்தை எடுக்க மாட்டாள் என்று அம்மா உன்னிடம் சொன்னாள். அப்படின்னா நாங்க இங்கயே ரெஜிஸ்டர் பண்ணிக்கிறோம், நீங்க வீடியோல பாத்துக்குங்க என்று நீ சொன்னாய். அன்றிலிருந்து எங்களோடு பேசும்போது கேமராவையும் மூடிவிட்டாய். குரல் மட்டும் வருகிறது, நானும் கல்லாப்பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கறுத்த கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கிளிப்பும் ரிப்பனும் விற்ற காலத்தில் உன்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ரெம்பியாவுக்குக் கூட்டிப் போவேன். காற்றில் உன் முடி முழுவதும் எழும்பி என் தாடையில் உரசிக்கொண்டே வரும். ஒரு கையால் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழும்பும். நீ சிரிப்பாய். இப்போதெல்லாம் கடையை மூடிவிட்டுத் தனியாக வண்டியில் வரும்போது தாடையில் வெறும் காற்று அடிக்கிறது, அதற்கே எனக்குக் கண் கலங்கிப்போகிறது. உன் கல்யாணத்தைப் போனில் பார்க்கவா நான் இத்தனை காலம் ஓடினேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இங்கே தொழிற்சாலையில் பயிற்சிக்கு வந்திருக்கிற கென்யா நாட்டுப் பிள்ளை ஒருத்தி, வஞ்சிரு என்று பெயர், அகலப் பல் சீப்பு இருக்கிறதா என்று கேட்டுக் கடைக்கு வந்தாள். என்னிடம் இருந்ததெல்லாம் நெருக்கப் பல் சீப்புதான். இதை வைத்து என் தலையை வாரினா சீப்பும் போகும் தலையும் போகும் அங்கிள் என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சிரித்தாள். அவள் முடியைப் பார்த்ததும் எனக்கு உன் நினைவு வந்துவிட்டது. நீ ரிபாண்டிங்கை விட்ட பிறகு அனுப்பிய போட்டோவை எடுத்துக் காட்டினேன், என் மகள் முடி இப்படிக் கெட்டுப்போய்விட்டது, ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டேன். போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது கெட்டுப்போன முடி இல்லை, பிறவியிலேயே இப்படி, நுனியில் நேராக நிற்கிறதே அதுதான் கெட்டது, உங்கள் வீட்டில் யாருக்கு இந்த முடி என்று கேட்டாள். உன் அம்மா விடுவாளா, கல்லாவிலிருந்தே சத்தம் போட்டாள். எல்லாம் இவங்க பரம்பரைதான், இவங்க அக்கா தலைல ஒரு கோழி அடைகாத்தாக்கூட வெளிய தெரியாது என்றாள். அந்தப் பிள்ளை அம்மாவின் பின்பக்கமாகப் போய் நின்று பார்த்தாள். கொண்டைக்குக் கீழே பிடரியில் வேர்வையில் நனைந்து சின்னச் சின்ன முடி பேனா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண்ட்டி, உங்களுக்கும் இதே முடிதான் என்றாள்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருளுகிற சத்தம்தான் வந்தது. அன்று எனக்குக் கிடைத்த சோறு ஆறிப்போன சோறு. எனக்கே அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷக் குடும்பத்தில் நான் அவள் முடியை விரித்துப் பார்த்ததே இல்லை. குளித்து முடித்தால் ஈரத்தோடு எண்ணெயைக் கவிழ்த்து, இழுத்துப் பின்னி, கொண்டை போட்டுக்கொண்டுதான் குளியலறைக் கதவைத் திறப்பாள். அதை நான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவளாகவே வந்து, என்னங்க, கடைக்கதவைப் பாதி இறக்குங்க, அந்தப் புள்ளைய வரச்சொல்லுங்க, என்னதான் சொல்றான்னு பாப்போம் என்றாள். எண்ணெய்ப் பசை போகும்வரை அலசி, எதுவும் தடவாமல், சீப்புப் போடாமல் காயவிட்டோம். ஈரத்தில் தோளுக்குக் கீழே தொங்கிய முடி காயக்காயச் சுருங்கி மேலே ஏறிக் காதுக்கு வந்து நின்றது. ஒரு சுருளை எடுத்துப் பென்சிலில் கோத்தால் அப்படியே பொருந்துகிறது. உன் போட்டோவைப் பக்கத்தில் பிடித்தேன், ஒரே தலை. அம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, எஸ்டேட் பள்ளிக்கூடத்துல என்னை சட்டி தேய்க்கிற நாருன்னுதான் கூப்பிடுவாங்க, அவளை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னுதான் நான் அவளை நேராக்கக் கூட்டிட்டுப் போனேன் என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னாள். நிர்மலா, அவள் உன் முடியைப் பழித்தது உன்னைப் பழிக்க இல்லையம்மா. இதை அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் கழித்து வஞ்சிருவிடம், இந்த வயசுல என் முடி இனிமே நல்லாகுமா என்று கேட்டாள். முடிக்கு வயது கிடையாது ஆண்ட்டி, தண்ணீர்தான் வேண்டும் என்றது அந்தப் பிள்ளை.

நான் வியாபாரி, கேட்டதை வீணாக்க மாட்டேன், உனக்கும் சொல்கிறேன், தெரிந்ததாக இருந்தால் தாண்டிப் போ. காய்ந்த முடியில் சீப்பை வைக்காதே. ஈரமாக்கி, கண்டிஷனரைக் குளிரக் குளிரப் பூசி, நாலைந்து பாகமாகப் பிரித்து, விரலால் சிக்கெடுத்துவிட்டு அப்புறம் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போ, உச்சியிலிருந்து இழுத்தால் அறுந்துவிடும். எண்ணெய் கடைசியில்தான், முதலில் தண்ணீர், அதன் மேல் கிரீம், அதை உள்ளே பிடித்துவைக்கத்தான் எண்ணெய். நம் ஆட்கள் வறண்ட தலையில் தேங்காய் எண்ணெயைக் கொட்டிவிட்டு ஈரப்பதம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய ரிபாண்டிங் நுனியும் புது முடியும் சேருகிற இடம்தான் அறுகிறதாம், மனம் வந்தால் நேராக இருப்பதை வெட்டிவிடு, வராவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு, அது உன் இஷ்டம். நெற்றியோரத்தை இறுக்கி இழுத்துக் கட்டாதே, உன் அம்மாவுக்கு அங்கே முடியே நின்றுபோய்விட்டது. முடியை நேராக்குகிற கிரீமைச் சலூன்களுக்கு மொத்தமாக விற்கிறவன் நான், விற்றுக்கொண்டேதான் இருப்பேன், கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன், ஆனால் என் மகள் தலைக்கு அது வேண்டாம். இதோடு வருகிற பார்சலில் புதிதாக வரவழைத்த சீப்பு இருக்கிறது. துவட்டுவதற்கு என் பழைய கைலி ஒன்றை வைத்திருக்கிறேன், துண்டு சொரசொரப்பாக முடியைப் பிய்க்கிறது, கைலி பிய்க்காது. தூங்கும்போது தலையில் கட்டிக்கொள்ள வழவழப்புத் துணி அம்மா தைத்தது, தையல் கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, கண்ணாடி போடாமல் தைத்தாள்.

மிச்சம் இருந்தது திலகவதி. அவளைக் கடைக்கே கூப்பிட்டுப் பேசினேன். அங்கிள், சுருட்டை முடியில பூஜடை நிக்காது லா, மேடைல நடக்கும்போது நழுவி விழுந்தா பொண்ணை யாரும் பேச மாட்டாங்க, என் பேருதான் கெடும் என்றாள். தொழில் பேசுகிறாள், தப்பில்லை. நழுவாமல் காட்டினால் எடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன். யார் தலையில் காட்டுவது என்றாள். உன் அம்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வஞ்சிரு தலையோடு ஒட்டினாற்போல் வரிவரியாகப் பின்னினாள், அந்தப் பின்னலில் நூலைக் கோத்துத் திலகவதி பூஜடையைக் கட்டினாள், முன்பக்கச் சுருளை அப்படியே விட்டார்கள். பிறகு அம்மாவை ஷாம்பு வரிசைக்கும் சோப்பு வரிசைக்கும் நடுவில் நடக்கவிட்டார்கள். தலையை ஆட்டுங்க ஆண்ட்டி, குனிங்க, திரும்புங்க என்று இரண்டு பேரும் விரட்டுகிறார்கள். சாமான் வாங்க வந்த மலாய்க்கார அம்மா ஒருத்தர் கைதட்டி, பெங்காந்தின் பாரு, புதுப்பெண் வந்தாச்சு என்று கத்த, உன் அம்மா முட்டிவலியை மறந்து இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஜடை அசையவில்லை. திலகவதி இழுத்தே பார்த்தாள். ஐயோ அங்கிள், சவுரி முடிகூட இப்படி நிக்காது என்று அவளே சொல்லிவிட்டாள். அம்மா அதைக் கழற்ற விடவில்லை. என் கல்யாணத்துல என் முடிக்கு மேல யாரோட சவுரியோ இருந்துச்சு, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றாள். ஜடையோடுதான் அன்று கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். உனக்குப் போட்டோ அனுப்பலாமா என்றேன், வேண்டாம், அவ நேர்ல பாக்கட்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிடுகிறோம், மூன்று பேருக்குச் சொல்லிப் பழகிய வாய் இன்னும் மூன்று பேருக்குத்தான் சொல்கிறது. உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, வயது வந்த பிள்ளை நீ. ஆனால் வா அம்மா. நீயும் சுரேன் தம்பியும் நோய்நொடி இல்லாமல், கைநிறைய வேலையோடும் மனம்நிறையச் சந்தோஷத்தோடும் நீண்ட காலம் வாழ எங்கள் இருவரின் ஆசி. குளிருக்கு நெஞ்சை மூடிக்கொள், பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்.

திலகவதியோடு பேசி முடித்தது இது. கிரீம் கிடையாது, சூட்டுக்கம்பி கிடையாது, சவுரி கிடையாது. பின்னுவது வஞ்சிரு, பூஜடை கட்டுவது திலகவதி, முன்பக்கச் சுருள் வெளியே தெரியும். நலங்கில் எண்ணெய் வைக்கிற சொந்தக்காரர்கள் அறுகம்புல்லால் தொட்டுவைப்பதோடு சரி, சீயக்காய் போட்டு யாரும் தேய்க்கக் கூடாது, தலைக்கு ஊற்றுவது உன் அம்மா மட்டும். கூலி திலகவதி கேட்டதுதான், நான் ஒரு வெள்ளிகூடக் குறைக்கச் சொல்லவில்லை. முன்பணம், நீ வருகிறேன் என்று சொல்லும் அன்றைக்கு.

இப்படிக்கு,
உன் வருகைக்குக் காத்திருக்கும் அப்பா
கந்தசாமி
(அம்மா இருசம்மாளும்தான்)