கடைசிச் சொல்லுக்கு விட்ட இடம்

இன்று காலை கம்ப்யூட்டர் கடைப் பிள்ளை தன் செல்போனை என் வாய்க்கு நேரே நீட்டி, "பேசுங்க அண்ணாச்சி, அதுவே எழுதிக்கிடும்" என்றாள். பேசப் பேச எழுத்து ஊர்ந்தது. நான் நிறுத்தியதும் அதுவும் நின்றது. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் தோன்றுவதும் மறைவதுமாக, அடுத்த சொல்லுக்காகக் காத்துக் கிடந்தது. அந்தக் காத்திருப்பை நான் அறிவேன். அது உங்களுடையது, அண்ணாச்சி.

கோவில்பட்டி தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் நீங்கள் மனு எழுத உட்கார்ந்த நாற்காலிக்கும் என் டீக்கடைக்கும் எட்டே எட்டு அடிதான் தூரம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தாளில் ஒரு வாக்கியம் எப்படி நடக்கும் என்பதை, நீங்கள் மனுவை வாசித்துக் காட்டும்போது டீ ஆற்றிக்கொண்டே காதால் படித்தேன்.

வந்தவர்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "இடிச்சுத் தள்ளிட்டான், செவர, நேத்து, எங் கொழுந்தன்" என்பாள் ஒருத்தி. தாளில் அது கொழுந்தனில் தொடங்கி, நேற்றைக் கடந்து, சுவரைத் தொட்டு, இடித்ததில் போய் நிற்கும். "வலிக்கிற எடத்த வாய் மொதல்ல சொல்லிரும். தாளு அதக் கடைசிக்கு வச்சிருக்கும்" என்பீர்கள்.

"உங்க வாக்கியம் கழுகுமலை பஸ்ஸுல்லா, அண்ணாச்சி. எல்லாரையும் ஏத்திட்டுல்லா கெளம்புது."

"ஏலே, ஒன் பேச்சுல டிரைவர் மட்டும் மொதல்ல போயிருதான். பஸ்ஸு பின்னால வருது" என்று திருப்பிக் கொடுப்பீர்கள்.

உங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மனுவில் முக்கியமான வாக்கியத்தின் கடைசிச் சொல்லை நீங்களாக எழுத மாட்டீர்கள். அந்த இடத்தை வெறுமனே விட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மனு கொடுப்பவர் முகத்தைப் பார்த்து "ம்?" என்பீர்கள். அவர் வாயால் சொன்ன பிறகுதான் பேனா இறங்கும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "நடந்தத நான் எழுதலாம்லே. நடந்துட்டுன்னு சொந்தக்காரந்தான் சொல்லணும்" என்றீர்கள்.

எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வந்த அந்த அம்மாளை நினைவிருக்கிறதா? புருஷன் காணாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. "போனாரு, ஆட்டப் பத்திக்கிட்டு, வெயில்ல, ஆடு மட்டும் வந்துட்டு" என்று மூன்று தடவை சொன்னாள். நீங்கள் எழுதி, இடம் விட்டு, "ம்?" என்றீர்கள். தாளையே பார்த்துக்கொண்டு, "இறந்துட்டாரு" என்றாள். எழுதினீர்கள். மை காய்வதற்குள் அவள் கையிலிருந்த போன் அடித்தது. ஊரில் பாழ்கிணற்றைத் தூர்வாரியவர்கள், எலும்போடு அவள் புருஷனின் இடுப்பு வாரும் கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். உச்சி வெயிலில் அந்த மரத்தடியே குளிர்ந்துபோனது. நீங்கள் பேனாவை மூடினீர்கள். அன்றைக்கு வேறு யாருக்கும் எழுதவில்லை. நானும் அன்றைக்கு யாரையும் கேலி செய்யவில்லை.

அதற்கப்புறம்தானே என் முறை வந்தது.

என் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் போய் அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பட்டாவில் அவன் பெயரும் இருந்ததால் என்னால் வீடு கட்ட முடியவில்லை. அவன் இல்லை என்று மனுக் கொடுத்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும் என்றார்கள். கடையில் யாராவது கேட்டால், "போனான், சைக்கிள எடுத்துக்கிட்டு, அந்தால..." என்று இழுத்துவிட்டு அடுத்த டீயைப் போட்டுவிடுவேன். பேச்சு அதற்கு இடம் கொடுக்கும். யாரும் மிச்சத்தைக் கேட்க மாட்டார்கள். தாள் அப்படி விடாது. நீங்கள் எழுதினீர்கள்: "எனது தம்பி சைக்கிளில் எட்டயபுரம் சாலையில் சென்று, பதினோரு ஆண்டுகளாகத் திரும்பி வராத நிலையில்..." அதற்கப்புறம் வெற்றிடம். பேனா மேலே நின்றது.

"ம்?"

எனக்கு அந்தக் கிணறு கண்ணில் வந்தது. நான் சொன்ன மறுநிமிஷம் எங்கேயாவது ஒரு போன் அடித்துவிட்டால்? இந்தக் கரிசல் காட்டில் எத்தனை பாழ்கிணறு!

"டீ ஆறுது, அண்ணாச்சி" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தீர்கள். மாதம் ஒரு தடவை அதை எடுத்து "ம்?" என்பீர்கள். மாதம் ஒரு தடவை உங்கள் டீ ஆறும்.

போன ஆனியில் உங்களுக்கு இறப்புச் சான்று வாங்க உங்கள் வீட்டு மதினி என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தாவ. "போயிட்டாவ, காலைல, காப்பி வேணும்னாவ, கொண்டாறதுக்குள்ள..." அதற்கு மேல் அவியளால் முடியவில்லை. தட்டச்சு செய்த பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு, "என்ன போடட்டும்?" என்று கேட்டாள். உங்கள் வழக்கப்படி யாராவது வாயால் சொல்லியாக வேண்டும். நான் சொன்னேன்: "இறந்துவிட்டார்னு போடும்மா." அதுவரை நீங்கள் மரத்தடியிலிருந்து சும்மா எழுந்து போயிருந்த மாதிரிதான் இருந்தது. நான் சொன்ன பிறகுதான் செத்தீர்கள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

மதினி கொடுத்த உங்கள் பையில் என் தாள் இருந்தது. இடமும் அப்படியே இருந்தது.

அதைத்தான் இன்று காலை அந்தப் போனில் வாசித்தேன். "...திரும்பி வராத நிலையில்" என்று நிறுத்தினேன். கோடு மினுங்கியது. கடையில் நானும் அந்தப் பிள்ளையும்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. கோடு நகர்ந்து, அந்த வெற்றிடத்தில் தானாக ஓர் எழுத்து விழுந்தது.

ம்.

"அண்ணாச்சி, ஏதும் சொன்னீயளா?" என்றாள்.

"நான் சொல்லலம்மா."

"அப்ப யாரு சொன்னா?"

என் இடது தோளுக்குப் பின்னால், நான் டீ ஆற்றும்போது நீங்கள் எப்போதும் உட்கார்ந்திருந்த பக்கம், திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"டீ ஆறுது, அண்ணாச்சி" என்றேன்.

அதையும் அந்தப் போன் எழுதிக்கொண்டது. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்து, டீயை அழித்தாள். அடுத்து அந்த 'ம்'மின் மேல் விரலைக் கொண்டு போனாள். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். அப்படியே அச்சு எடுத்துத் தரச் சொன்னேன்.

இப்போது இரண்டு தாளும் என் கடையில், சீனி டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. வீடு இன்னும் கட்டவில்லை. நீங்கள் போனதிலிருந்து, கடை திறந்ததும் முதல் டீயை உங்கள் பக்கத்துப் பலகையில் வைக்கிறேன். அது ஆறும்வரை எட்டயபுரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.