எல்லாக் கடையிலும் காசு மேலேயே இருந்தது

அன்பு மகள் நொயெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் பூனையும் ஒரே கூரையின் கீழ் பத்திரமாக இருக்கிறோம், அந்தக் கூரையில் பாதி இப்போது நீலத் தார்ப்பாய்தான் என்றாலும். அலாஸ்காக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் என் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாய். அப்போது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் ஒன்றுமில்லை என்றேன். தவிர, சில விஷயங்களை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே பிடிபடுகிறது.

புயலுக்குப் பிறகு பாலத்தைத் திறந்து எங்களை ஊருக்குள் விட்ட காலையில் முதல் வண்டிகளில் என்னுடையதும் ஒன்று. என் வேலைதான் உனக்குத் தெரியுமே, புயலுக்கு முன்னால் சின்னக் கடைக்காரர்களிடம் எதை உயரத்தில் வைக்க வேண்டும், எதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று சொல்வதும், புயலுக்குப் பின்னால் சேதத்தைப் படம் பிடித்து, அரசு உதவிக்கு எழுதிப் போட்டு, கதவைத் திறக்கும்வரை கூட நிற்பதும். எத்தனையோ புயலுக்குப் பின் வந்திருக்கிறேன், இப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. தவளை கத்தவில்லை, நாய் குரைக்கவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் கல்லறையிலிருந்து மிதந்து வந்த சவப்பெட்டி ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது, எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு போனோம். கடைகளெல்லாம் தூண்மேல் நிற்பதால் தண்ணீர் உள்ளே ஏறவில்லை. ஆனால் ஊர் முழுக்கச் சேறும் சதுப்புப் புல்லும் செத்த மீனின் நாற்றமுமாக இருக்க, கடைப்படிகள் மட்டும் பெருக்கிச் சுத்தமாக இருந்தன. பாலமே அன்றைக்குத்தான் திறந்தது, அதற்குள் யார் வந்து பெருக்கியது?

ஏர்லீன் அக்காவின் இறால் கடைக்குத்தான் முதலில் போனேன். கணவர் வில்சன் இறந்த பிறகு அவள் ஒருத்தியாகவே நடத்தும் கடை. குளிர்காலம் முழுவதும் விற்பதற்கான சரக்கு மொத்தமும் அந்த ஒரு பெரிய ஃப்ரீசருக்குள். ஹூஸ்டனில் இருக்கும் மகன் கர்ட்டிஸ் கடையை மூடிவிட்டு வா என்று வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறான். சரக்கு தப்பித்தால் இருப்பேன், போனால் வந்துவிடுகிறேன் என்று இந்தத் தடவை அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கிளம்பும்போது நம் ஊரில் எல்லோரும் செய்வதுபோல ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் கால் டாலர் காசு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தாள். கரண்ட் போய்ப் பனி உருகினால் காசு அடிக்குப் போய்விடும், கரண்ட் வந்து மறுபடி உறைந்தாலும் அடியிலேயே கிடக்கும், உள்ளே இருப்பதெல்லாம் குப்பைக்கு என்று அர்த்தம். மூடியைத் திறந்தாள். காசு மேலேதான் இருந்தது. பாத்தியா கொரின், என் மனுஷன் செத்தும் காவல் காத்திருக்கான், உயிரோட இருந்தப்ப ஒரு லைட்டை அணைக்கத் துப்பில்ல அவனுக்கு என்று சிரித்தாள், உடனே அழுதாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திரும்பி வந்தவர்களுக்கும் மின்கம்பம் நடுகிற பையன்களுக்கும் பெரிய அண்டாவில் இறால் குழம்பு வைத்துக் கடையைத் திறக்கப்போகிறேன் என்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தட்டையாக அடுக்கி வைத்த இறால் பைகள் நெகிழ்ந்து, ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று படிந்து, அப்படியே கல்லாக இறுகியிருந்தன. உருகாமல் அப்படி ஆகாது. மெதுவாகச் சொன்னேன். உனக்கு கண்ட எடத்துல சந்தேகம்டி, காசு பொய் சொல்லுமா என்று என்னை விரட்டினாள். ஊர் நாற்றத்தில் எதுவும் மூக்குக்குப் பிடிபடவில்லை. அடுத்து லவெலின் தூண்டில் கடை. அங்கேயும் காசு மேலே. பல நாள் கரண்டே இல்லாமல் கிடந்து, பாலம் திறப்பதற்குச் சற்று முன்னால்தான் கரண்ட் வந்த ஊரில் எப்படி என்று கேட்டேன். விடு கொரின், இது தூண்டிலுக்குப் போடுற மீனு, கெட்டுப்போச்சுன்னு எந்த மீன் எம்மேல கேஸ் போடப்போகுது என்றான். மாதா கோயில் சமையலறையிலும் காசு மேலே. மூன்றிலும் தலைப்பக்கம் மேலாக, அந்த முகம் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தது. மூன்றையும் வைத்த கை ஒன்றுதான் என்று அப்போதே தோன்றிவிட்டது.

சனிக்கிழமை காலை, அண்டா அடுப்பில் ஏறுவதற்குள் எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று மறுபடி போனேன். கடைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஒரு குரல் ஊர்க்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் பிறகு பதிலுக்குக் காத்திருந்தது. உன் பெயரும் வந்தது நொயெலி. எட்டிப் பார்த்தால் ஹாரிஸ் மாமா, ஃப்ரீசர் மூடிமேல் கையை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எந்தப் புயலுக்கும் ஊரைவிட்டுப் போகாதவர் என்று எல்லோரும் சாவியை அவரிடம்தானே கொடுத்துவிட்டுப் போவோம், எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. கேட்டதும் மறைக்கவில்லை. உருகிடுச்சும்மா, எல்லாக் கடையிலயும் காசு அடியில கெடந்துச்சு, கரண்ட் வந்ததும் புதுத் தண்ணி ஊத்தி உறையவச்சு நான்தான் மேல வச்சேன் என்றார். சாப்பிட்டவர்கள் செத்துப்போவார்களே மாமா என்றேன். அதையெல்லாம் நெனைக்கல, அடியில கெடந்தா ஏர்லீன் போயிடுவா, இவ போனா லவெல் போவான், அப்புறம் இங்க யாரு இருக்கா, உங்களுக்கென்ன தெரியும், அத்தன நாளும் ஒரு சத்தம் இல்ல, பயத்துல என் பேரை நானே கூப்பிட்டுப் பாத்தேன், யாரோ வேற ஆளு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, அதுக்கப்புறம் நீங்கல்லாம் வர்ற வரைக்கும் வாயே தொறக்கல என்றார். அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தன. திரும்பினால் வாசலில் ஏர்லீன் அக்கா, கையில் அண்டாவோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. அப்போ வில்சன் வரல என்று மட்டும் சொன்னாள்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கம் புடி கெழவா, வேடிக்கை பாத்தது போதும் என்றாள். மூன்று பேருமாக ஃப்ரீசரை டேப் சுற்றி ஒட்டிச் சாலையோரத்துக்குத் தள்ளினோம். லவெலுக்கும் கோயிலுக்கும் நானே போய்ச் சொல்லி அங்கேயும் வெளியேற்ற வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அதே அண்டாவில் சிவப்பு பீன்ஸும் சோறும்தான், ஒருவரும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கர்ட்டிஸிடம் அவள் போனில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். சரக்கு போச்சுடா, ஆனா வரல, ஆளில்லாத ஊரு மனுஷன என்ன பண்ணும்னு ஒருத்தன் மூஞ்சில பாத்துட்டேன், வாக்கு தவறுனவள்னு திட்டிக்கோ என்றாள். உதவிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், அது வரும்வரை கடன் வாங்கிய ஐஸ் பெட்டி ஒன்றில் அன்றன்றைய இறாலை மட்டும் விற்கிறாள். லவெல் போய்விட்டான். அவனை நிறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது சாயங்காலம் யாராவது ஒருவர் ஹாரிஸ் மாமா வீட்டுக்குப் போய்ச் சாலையில் நின்றபடியே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, அப்படியே ஆகிவிட்டது. நேற்று நான் போனேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. கூப்பிட்ட குரல் சதுப்புநிலத்துக்குள் போய், என்னுடையது இல்லாத மாதிரி திரும்பி வந்தது. மறுபடி கூப்பிட வாய் வரவில்லை, ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. பிறகு உள்ளேயிருந்து, இருக்கேன்மா, செருப்பைத் தேடுறேன் என்றார்.

காதுவரை மூடும் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துக்கொள்ளாதே. அப்பா உனக்குக் காப்பித்தூள் அனுப்பியிருக்கிறார். மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வாசலில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே: வாரத்துக்கு ஒருமுறை ஹாரிஸ் மாமாவுக்கு போன் பண்ணு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை வைக்காமல் இரு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா கொரின்