ஸ்டிக்கரை உரித்தபின் ஒரு நிமிஷம்

என்னங்க, இன்று காலை பீரோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருக்கிற ஆரஞ்சு ஸ்டிக்கர்களில் ஒன்று ஈரத் துணியோடு வந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. கம்மல் திருகாணி அளவுக்கு ஒரு வட்டம், பிடித்து இழுக்க ஒரு சின்ன வால். உங்கள் காது மெஷினின் பாட்டரி மேல் இருந்தது. உரித்த ஸ்டிக்கரைக் குப்பையில் போடாமல் கண்ணாடியில் ஒட்டிவைப்பது உங்கள் பழக்கம். "முகம் பாக்கிற எடமா, குப்பைத் தொட்டியா?" என்று நான் எரிந்து விழுவேன். "இருந்துட்டுப் போட்டும் டீச்சரம்மா, அழகாத்தான் கீது" என்பீர்கள். அழகாவது ஒன்றாவது. ஆனால் நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஒன்றைக்கூடச் சுரண்ட எனக்கு மனசு வரவில்லை. கையில் வந்ததைத் திரும்ப அதே இடத்தில் வைத்து அழுத்திவிட்டேன்.

நேற்றுதான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்கலப் பாடம் முடித்தேன். அந்தப் பாடம் வந்தால் உங்கள் பாட்டரியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். உள்ளே துத்தநாகப் பொடி இருக்கிறது, அது சேரவேண்டிய ஆக்சிஜன் உள்ளே இல்லை, வெளிக்காற்றிலிருந்துதான் வரவேண்டும். ஸ்டிக்கருக்கு அடியில் ஊசிமுனை அளவு துளைகள். ஒட்டியிருக்கும்வரை அது தூங்கும், வருஷக்கணக்கில்கூடத் தூங்கும். உரித்தால் காற்று உள்ளே போகும். துத்தநாகம் ஆக்சிஜனோடு சேரும்போது சக்தி வெளியே வரும். சும்மா எரித்தால் சூடாக வந்து வீணாகப் போகிற சக்தி, இங்கே கம்பி வழியே மின்சாரமாக வருகிறது. எரிபொருள் மின்கலத்துக்கு இது பங்காளி முறை என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதிலும் காற்றுதான் ஆக்சிஜன் கொடுக்கும், ஆனால் எரிபொருளை வெளியிலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கலாம். இதில் உள்ளே இருக்கிற துத்தநாகம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒருதரம் உரித்துவிட்டால், மெஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தை நீங்கள் ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்கினீர்கள். மெஷின் வந்த புதிதில், அட்டையில் ஆறு பாட்டரி இருந்தது. எல்லாவற்றையும் ஒரே வேலையாக முடித்துவிடலாம் என்று ஆறு ஸ்டிக்கரையும் உரித்து, வரிசையாக டப்பாவில் அடுக்கிவைத்தேன். ரெண்டு மாசத்துக்கு மேல் வரவேண்டியது மூன்று வாரத்துக்குள் மொத்தமாகச் செத்துப்போனது. "கெமிஸ்ட்ரி டீச்சரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சிரித்தீர்கள். பாடத்தில் நடத்துவது வேறு, வீட்டு டப்பா வேறு என்று என் புத்திக்கு எப்படித்தான் தோன்றியதோ.

படிப்பில் நான்தான் உசத்தி என்ற நினைப்பு எனக்கு இருந்தது. நீங்கள் அதை அவ்வப்போது தட்டிவைப்பீர்கள். கல்யாணம் ஆன வருஷம், சில பொருட்கள் கரையும்போது சுற்றி இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று விடைத்தாள் திருத்திக்கொண்டே உங்களுக்கு விளக்கினேன். "யூரியா கரைச்சா வாளியே ஜில்லுனு ஆயிடுமே, அதானே? எங்கம்மா கூடப் பூந்தமல்லி பக்கம் கழனி வேலைக்குப் போறப்ப, வெயிலுக்கு அந்த வாளியைக் கட்டிப் புடிச்சிகினு குந்திக்குவேன்" என்றீர்கள். புத்தகத்தில் நான் படித்ததை நீங்கள் வயிற்றில் அணைத்துப் பார்த்திருந்தீர்கள். அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் வந்த ஆசையை நான் சொல்லவே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நீங்கள் வேலை பார்த்த பிரஸ் ஷாப்தான் உங்கள் காதை வாங்கிக்கொண்டது. தகடு வெட்டுகிற மெஷின்கள் நாள் முழுக்க டமார் டமார் என்று அடிக்கும். வலது கையில் ஆள்காட்டி விரலின் நுனியும் அங்கேதான் போனது. அதனால் அந்தத் துளியூண்டு ஸ்டிக்கரை உங்களால் உரிக்க முடியாது. அந்த வேலை எனக்கு வந்தது. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் பார்த்த நம் ஜன்னலோரத்தில், பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம், காலையில் எதிரும் புதிருமாக உட்காருவோம். "வெளிச்சத்துல ஒக்காரு" என்று என்னை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைப்பீர்கள். ஸ்டிக்கர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

உரித்ததும் உடனே மெஷினில் போடக்கூடாது. காற்று உள்ளே போய் முழு வேகம் வர ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிறகு பாட்டரியைப் போட்டு மூடி, மெஷினை உள்ளங்கையில் பொத்தினால் கீச்சென்று விசில் அடிக்கும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, "ம், கேக்குது" என்பீர்கள்.

அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கு ஒன்றும் கேட்காது. அது எனக்கே எனக்கான நிமிஷமாக ஆகிப்போனது. முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததையெல்லாம் அப்போது முணுமுணுப்பேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் அக்காவைத் திட்டியிருக்கிறேன். "அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு நாம போயி எத்தனை வருஷம் ஆச்சு" என்று ஏங்கியிருக்கிறேன். "உங்களைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றுகூட ஒருநாள் சொன்னேன். மெஷினை மாட்டியதும், "வாய் அசைஞ்சிதே, இன்னா சொன்னே?" என்பீர்கள். "சாம்பார்ல உப்பு கம்மியான்னு கேட்டேன்" என்பேன். "உப்பெல்லாம் சரியாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவீர்கள். ஏரியைப் பற்றிச் சொன்ன வாரம் ஞாயிற்றுக்கிழமை, "கெளம்பு, ஏரிக்குப் போலாம்" என்று வண்டியை எடுத்தீர்கள். என் மனசில் இருப்பது உங்களுக்குத் தானாகவே தெரிகிறதே என்று பூரித்துப் போனேன். என்ன ஒரு மக்கு நான்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். சுற்றிச் சுற்றி வந்தது போதும்.

பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்ததற்காக ஆண்டு விழாவில் எனக்கு மரியாதை செய்வதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரரோடு வரச்சொல்லிக் கடிதமும் கொடுத்தார்கள். உங்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. காது போனதிலிருந்து உங்கள் பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்கும், அது உங்களுக்கே தெரியாது. அந்த வாரம் பாட்டரி மாற்றும் நாள் வந்தது. ஸ்டிக்கரை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "நீங்க வந்தா கத்திப் பேசுவீங்க. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க வராம இருந்தா நல்லா இருக்கும்."

அன்று நீங்கள், இன்னா சொன்னே என்று கேட்கவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, "அன்னிக்கு ஓவர்டைம் போட்டுட்டானுங்க டீச்சரம்மா. நீ மட்டும் போயிட்டு வந்துடு" என்றீர்கள். கடவுள் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன். தனியாகப் போனேன், சால்வை வாங்கினேன், தனியாக வந்தேன்.

அதோடு விட்டேனா? அதற்குப் பிறகு நமக்குள் சண்டை வரும்போதெல்லாம் அதையே எடுத்தேன். "என் விழாவுக்கே வராத மனுஷன்தானே நீங்க" என்று குத்திக் குத்திக் காட்டினேன். வராமல் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவளே நான்தான் என்பது நாளாக ஆக எனக்கே மறந்துவிட்டது. நீங்கள் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு தட்டில் இருப்பதைச் சாப்பிட்டீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருவேற்காட்டிலிருந்து மணி அண்ணன் வந்திருந்தார். உங்கள் பக்கத்து மெஷினில் இருபது வருஷம் நின்றவர். வந்தவர்களிடம் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். "எங்க ஷாப்ல எவன் காதுல இன்னா உழும்? எல்லாம் ஒதட்டைப் பாத்துதான் பேச்சு. அதுல அண்ணன் கில்லாடி. அந்தக் கோடில சூப்பர்வைசர் வாய்க்குள்ளயே திட்டுவான், இந்தக் கோடிலருந்து அண்ணன் அதை அப்படியே சொல்லுவாரு. வெளிச்சம் மட்டும் நல்லா இருந்தாப் போதும்."

காபி டம்ளர்கள் வைத்த தட்டோடு நின்றிருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆண்டு விழா நாளில் ஓவர்டைம் இருந்ததா என்று அவரிடம் கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார். நான் விடவில்லை. "ஓவர்டைம்லாம் இல்லம்மா. அன்னிக்கு லீவு போட்டுட்டு என் ஊட்லதான் இருந்தாரு. புதுச் சட்டை போட்டுகினு வந்தாரு. ஏண்ணா போகலைனு கேட்டேன். நான் சத்தமாப் பேசிடுவேன்டா, அது டீச்சரு, அதுக்குனு ஒரு மரியாதை கீதுன்னாரு. ஆறு மணி ஆனதும், இந்நேரம் சால்வை போட்டிருப்பாங்க இல்லன்னு சொல்லி, அவரா கை தட்டிக்கினாரு."

நீல நிறத்தில் மெல்லிய கோடு போட்ட சட்டை. எப்போது தைத்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. பீரோவில்தான் இருக்கிறது.

எனக்கு வலிக்கிறதுங்க. நான் சொன்னதை நீங்கள் உதட்டிலேயே படித்துவிட்டீர்களே என்று மட்டும் இல்லை. இத்தனை வருஷம் குத்திக் காட்டியபோது, "நீதானே வரவேண்டாம்னு சொன்னே" என்று ஒருதரம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த ஒரு நிமிஷப் பேச்சை நான் நிறுத்தியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். திட்டும் ஏக்கமும், குறை ஒன்றுமில்லை என்று சொன்னதும் அந்த ஜன்னலில்தான் உங்களுக்குக் கிடைத்தது. அதை இழக்க மனசில்லாமல்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள் என்று நினைக்கிறேன். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துவதில்லை. எழுதி முடித்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தில் நின்றுதான் பேசுகிறேன். பழக்கமாகவே ஆகிவிட்டது.

அட்டையில் கடைசியாக ஒரு பாட்டரி மிச்சம் இருந்தது. ஸ்டிக்கர் இருக்கும்வரை அது கெட்டுப்போகாது என்று ஒரு வருஷமாகத் தொடாமல் வைத்திருந்தேன். இன்று கண்ணாடியைத் துடைத்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிரில் உங்கள் நாற்காலி. உரித்தேன். ஸ்டிக்கரை வரிசையின் கடைசியில் ஒட்டினேன். பிறகு, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்: "அன்னைக்கு நீங்க வந்திருக்கணும். அந்தக் கோடுபோட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருக்கணும். அதோ அதுதான் என் சம்சாரம்னு பள்ளிக்கூடம் முழுக்கக் கேக்கக் கத்தியிருக்கணும்."

நிமிஷம் முடிந்தது. பாட்டரியைப் போட்டு மூடி, மெஷினை உள்ளங்கையில் பொத்தினேன். கீச்சென்று விசில் அடித்தது.

உரித்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது. பத்துப் பன்னிரண்டு நாள் ஓடும். அதுவரைக்கும் மெஷின் உங்கள் நாற்காலியில்தான் இருக்கும். நான் முணுமுணுக்கப் போவதில்லை, சத்தமாகவே பேசப்போகிறேன். நாலு வீட்டில் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.