மாலை போடாத படம்

செவ்வாய், 3 நவம்பர் 1992

காலையிலிருந்து தூறல். சப்பாத்து நனைந்து, ஹீட்டரின் மேல் காயப்போட்டு, அம்மாவிடம் ஏச்சு.

கணக்கு முடிந்தது. வரலாறு பாதி. நாளை பள்ளிக்கூடத்திலிருந்து, ஒருகாலத்தில் இங்கே லண்டனில் ஒரு பல்கேரியப் புரட்சியாளர் ஒளித்திருந்த வீட்டைப் பார்க்கப் போகிறோம். இப்போது அது மியூசியம். சான்ட்விச் கட்டித் தரச் சொல்ல வேண்டும்.

பின்னேரம் பெரியப்பா வந்தார். இனி பெ. என்றே எழுதுவேன். யாராவது எடுத்துப் பார்த்தால் என்று பயம். முன்னறையில் அப்பாவுடன் பேச்சு. நான் படியில் இருந்து கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஐயர் வாறார். படத்துக்கு மாலையைப் போட்டு, செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பம்."

"பெடியன்ர தாய் இதுக்கு ஓம்பட மாட்டாள், அண்ணை."

"இப்பிடியே விட்டா பெடியன்ர ஆத்மா அலையும். என்ர மகளின்ர கலியாணமும் தையில நிக்குது. இதை வைச்சுக்கொண்டு என்னெண்டு செய்யிறது?"



படம் அண்ணாவுடையது. வயது பத்தொன்பது. எங்களிடம் வருவதற்காக யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர். இரவு வள்ளத்தில் கடல் ஏரியைக் கடக்கும்போது துப்பாக்கிச் சூடு விழுந்ததாம், வள்ளம் கரை சேரவில்லையாம். செய்தி கொண்டுவந்தவர் குலம் அண்ணை. அதே இரவு வேறு வள்ளத்தில் தப்பி வந்து, இப்போது மோர்டனில் இருக்கிறார். அவர் பெ.யிடம் சொல்ல, பெ. எங்களிடம் சொன்னார். செய்தி வந்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள்.

மாலை போட்டால் முடிந்தது. எங்கள் ஆட்களின் வீட்டில் மாலை விழுந்த படம் என்றால் செத்தவர். அதன் பிறகு ஒருவரும் தேட மாட்டார்கள்.

புதன், 4 நவம்பர்

குளிர். கோச்சில் எனக்குப் பக்கத்தில் ட்ரேசி. வழி முழுக்க சிப்ஸ்.

ஒடுக்கமான வீடு. படி கிறீச்சிடும். மேலே ஒரே ஒரு அறை, கொஞ்சம் கொஞ்சம் பேராக விட்டார்கள். கட்டில். முகம் கழுவும் பேசின். சப்பாத்து ஒரு சோடி, ஒன்றில் கயிறு இல்லை. கதவின் பின்னால் கோட்டு. சுவரில் அவருடைய படம், பெரிய மீசை.

காட்டிக்கொண்டு நின்றவர் வயதான பல்கேரியப் பெண். படத்தில் மாலை இல்லை. கீழே விளக்கும் இல்லை, பொட்டும் இல்லை. யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: "இவர் இப்போது எங்கே இருக்கிறார்?"

எல்லோரும் சிரித்தார்கள். ட்ரேசி: "அவருக்கு நூற்றைம்பது வயது இருக்கும். போன் பண்ணிப் பாரேன்." டீச்சர் கூட வாயைப் பொத்திக்கொண்டார். காது சுட்டது.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. இந்த வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள்" என்றார்.

படத்தில் இருந்தவர் துருக்கியரின் ஆட்சியை எதிர்க்கத் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனாராம். கொஞ்ச நாளில் ஆற்றங்கரையில் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி. கொண்டுவந்தவன் இன்னொருவன் சொல்லக் கேட்டவன். வீட்டுக்காரி அறையை வேறு யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் ஒரே கேள்வி: நீ கண்ணால் பார்த்தாயா? கடைசியில் பார்த்தவன் ஒருவன் வந்தான். அவரோடு சிறையில் இருந்தவன். செத்தது ஆற்றங்கரையில் அல்ல, தூக்கில், அதுவும் ஒரு வருடம் பிந்தி. அன்றைக்குத்தான் அவள் அழுதாளாம். அந்த அறைதான் இந்த மியூசியம்.

அப்படியென்றால் முதல் செய்தி வந்தபோது அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

கோச்சில் திரும்பும்போது ட்ரேசி மன்னிப்புக் கேட்டு சிப்ஸ் நீட்டினாள். பசிக்கவில்லை.

குலம் அண்ணை கண்ணால் கண்டாரா? வீட்டில் ஒருவரும் அவரிடம் நேரே கேட்கவில்லை.

வியாழன், 5 நவம்பர்

வெள்ளைக்காரரின் வாணவேடிக்கை நாள். இருட்டியதிலிருந்து டுமீல் டுமீல். அம்மா திரையை இழுத்து மூடிவிட்டுக் குசினியில் நிலத்தில் இருந்தார். அப்பா வேலையில், இரவு ஷிப்ட்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்ன சொல்லப் போறியள்?"

"நான் சொல்லி ஆர் கேக்கிறது. வெங்காயத்தை உரி."

கதவில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் குலம் அண்ணையின் விலாசம் இருந்தது. எழுதி எடுத்தேன்.

பயப்படும் விஷயங்கள்:
தனியே பஸ்ஸில் போவது.
பெ.க்குத் தெரிய வருவது.
குலம் அண்ணை "ஓம், கண்டன்" என்று சொல்வது.

மூன்றாவதுதான் பெரிது. ஆனாலும் போவேன்.

சனி, 7 நவம்பர்

மழை. லைப்ரரி என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெதமில் பஸ் ஏறினேன். மேல் தட்டில் இருக்கவில்லை, டிரைவருக்குப் பக்கத்தில்.

மோர்டனில் ஒரு கடைக்கு மேலே அறை. குலம் அண்ணை இடுப்பில் சாரம் கட்டியபடி கதவைத் திறந்தார். கையில் முட்டை பொரிக்கிற கரண்டி.

"ஆரம்மா நீர்? காசு குடுக்கிற பெனிபிட் ஒபிஸ் ஆக்களோ எண்டு பயந்துபோனன்."

அண்ணாவின் பேரைச் சொல்லி, அவருடைய தங்கச்சி என்றேன். கரண்டியைக் கீழே வைத்தார். இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை, இருந்தால் கேட்க மாட்டேன் என்று தெரியும்.

"எங்கட அண்ணா அந்த வள்ளத்தில ஏறினதை நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் முதல் வள்ளத்தில ஏறிட்டன். அவர் கரையில நிண்டவர். அடுத்ததில வாறன் எண்டவர்."

"ஏறினதைக் கண்டனீங்களோ?"

"சரியான இருட்டு, தங்கச்சி." சாரத்தில் கையைத் துடைத்தார். "இல்லை. காணேல்லை."

"பெரியப்பாவிட்ட இதைச் சொன்னனீங்களோ?"

"அவர் கேட்டது, வள்ளம் வந்து சேர்ந்ததோ எண்டு. இல்லை எண்டன். அதோட போனை வைச்சிட்டார்."

முட்டை கருகிவிட்டது. பஸ் நிறுத்தம் வரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். "ஏறியிருக்கவும் கூடும், பிள்ளை. நான் பொய் சொல்ல மாட்டன்" என்றார். தெரியும் என்றேன்.

அம்மாவிடம் இன்று சொல்லவில்லை. சொன்னால் அப்பாவிடம் போகும், அப்பாவிடமிருந்து பெ.யிடம் போகும், நாளைக்குள் அது ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். எல்லோரும் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

ஞாயிறு, 8 நவம்பர்

வெயில், ஆனால் குளிர்.

பெ., பெரியம்மா, ஐயர். மாலை ஒரு பிளாஸ்டிக் பையில். ஐயர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறை ஈரம் என்று குறைப்பட்டார். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை.

பெ. மாலையை எடுத்தபோது நான் படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"பிள்ளை, தள்ளு."

"இல்லை, பெரியப்பா. அண்ணா ஏறினதை குலம் அண்ணை காணேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான். நேற்று மோர்டனுக்குப் போய்க் கேட்டனான்."

"தனியவோ?" இது அப்பா.

"ஓம்."

"பெட்டைக்கு லண்டன் வாய் வந்திட்டுது" என்று பெரியம்மா. பெ. சத்தம் போடவில்லை. அதுதான் கூடப் பயம். மெல்லக் கேட்டார்: "ஏறாட்டி, இவ்வளவு நாளும் ஏன் ஒரு கதையும் இல்லை? சொல்லு பாப்பம்."

"தெரியாது" என்றேன். "ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் மாலை போடேலாது."

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்மா குசினி வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "காணேல்லை எண்டு அவனே சொன்னவனோ?"

"ஓம், அம்மா."

அம்மா உள்ளே போனார். பிரிட்ஜின் மேல் கதவு திறக்கும் சத்தம். செய்தி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. செத்த வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. அம்மா ஐஸ் பிடித்த மீன் பொதியை எடுத்து, ஐயர் இருக்க, பெ. பார்த்துக்கொண்டிருக்க, சிங்கில் போட்டுக் குழாயைத் திறந்தார்.

அப்பா பெ.யின் கையிலிருந்து மாலையை வாங்கித் திரும்பவும் பைக்குள் வைத்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று அம்மா என்னிடம். "புளியை ஊறப்போடு."